ஒரு கடிதத்தைப் பின்தொடருங்கள்: ஸ்பானியப் பேரரசின் அரசியலை ஆராய வருகிறவருக்கு

ஸ்பானியப் பேரரசின் அரசியலை ஆராய வேண்டும் என்று என்னிடம் வருகிற மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: அவ்வளவு பெரிய பேரரசு ஏன் சரிந்தது? நல்ல கேள்விதான். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்தத் துறைக்குள் வந்தேன். ஆனால் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கேள்விக்கென்று ஓர் ஆவணக் கட்டும் கிடையாது. எந்த அவை, எந்த ஆண்டு, எந்தக் கட்டு என்றுதான் அங்கே கேட்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் நிலைக்க வேண்டுமென்றால், ஓர் அரசியல் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை ஒரு கடிதத்தின் வழியே முதலிலிருந்து கடைசிவரை பின்தொடரக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய கேள்விகளுக்கான பதிலும் அந்த வழியில்தான் கிடைக்கிறது.

ஏன் கடிதம்? ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் 1559இல் நெதர்லாந்திலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பினார். அதன்பின் 1598இல் இறக்கும்வரை ஐபீரியத் தீபகற்பத்தை விட்டு வெளியே போகவே இல்லை. அவருடைய ஆட்சியோ மிலான், நேப்பிள்ஸ், சிசிலி, பிரசெல்ஸ், மெக்சிகோ, லிமா, மணிலா என்று பரவிக் கிடந்தது. அரசர் இல்லாத இடத்தில் வைசிராயோ ஆளுநரோ இருந்தார். அவரையும் அரசரையும் இணைத்தது காகிதம் மட்டும்தான். அரசருக்குப் பக்கத்தில் காஸ்டில் அவை, அரகோன் அவை, இத்தாலி அவை, அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் பார்த்த இண்டீஸ் அவை, நிதி அவை, போர் அவை என்று பல அவைகள் இருந்தன. போர், சமாதானம், அயல்நாட்டு விவகாரம் எல்லாம் ராஜ்ய அவையின் மேசைக்கு வந்தன. 1580இல் போர்ச்சுகலின் மகுடமும் வந்து சேர்ந்த பிறகு அதற்கும் ஓர் அவை உருவானது. இந்த அவைகள் எழுதியவை, பெற்றவை, நகலெடுத்தவை, ஓரத்தில் கிறுக்கியவை எல்லாம் சேர்ந்ததுதான் நம்முடைய மூலப்பொருள்.

தலைப்பைச் சிறிதாக்குங்கள்

"ஹாப்ஸ்பர்க் ஸ்பெயினின் அரசியல்" (இந்த பிலிப்புகளின் அரச வம்சம்தான் ஹாப்ஸ்பர்க்) என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. ஒரு பதவி, ஒரு முடிவு, ஒரு குறுகிய காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தலைப்பு.

என் முனைவர் ஆய்வு மூன்றாம் ஒசூனா டியூக்கைப் பற்றியது. அவர் 1611 முதல் 1616 வரை சிசிலியிலும், பிறகு 1620 வரை நேப்பிள்ஸிலும் வைசிராயாக இருந்தார். மாட்ரிட் வெனிஸ் குடியரசோடு வெளிப்படையான போரில் இல்லாதபோதே அட்ரியாட்டிக் கடலுக்குள் தன் கப்பல்களை அனுப்பி வெனிஸைத் தொல்லைப்படுத்தினார். 1620இல் அவர் இடத்துக்கு கார்டினல் போர்ஹா வந்தார். 1621 மார்ச் 31 அன்று மூன்றாம் பிலிப் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே புதிய ஆட்சி ஒசூனாவைக் கைதுசெய்தது. 1624இல் காவலிலேயே அவர் உயிர் போனது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என் நோக்கமல்ல. கட்டளை வருவதற்கு முன்பே ஒரு வைசிராய் செயலில் இறங்கிவிட்டால் மாட்ரிட் என்ன செய்தது? தடுத்ததா, தெரியாதது போல இருந்ததா, வெற்றியானால் ஏற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்ததா? இது பேரரசு முழுவதற்கும் பொருந்துகிற கேள்வி. ஆனால் நேப்பிள்ஸில் நான்கு ஆண்டுகள் என்று சுருக்கியதால்தான் என்னால் அதற்குப் பதில் தேட முடிந்தது.

உங்கள் தலைப்பு நிற்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. அந்த முடிவை எதிர்த்த ஒருவரின் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கே அரசியல் இருக்கிறது, அதற்கான காகிதமும் இருக்கும். எல்லோரும் ஒத்துப்போன விஷயம் அவைகளில் ஓரிரு வரியில் முடிந்துவிடும். ஆய்வாளருக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. அடுத்ததாக, அதே விஷயம் ஸ்பானிய அரசுக்கு வெளியே இருந்த யாராவது ஒருவரின் எழுத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். ஒசூனா விஷயத்தில் எனக்கு வெனிஸ் இருந்தது. மாட்ரிட்டில் இருந்த வெனிஸ் தூதர்கள் தங்கள் செனட்டுக்கு எழுதிய அறிக்கைகள் வெனிஸ் நகரத்து அரசுக் காப்பகத்தில் வரிசையாக இருக்கின்றன. எதிரி எழுதியதை எதிரி எழுதியதாகவே வாசிக்க வேண்டும், அது வேறு. ஆனால் ஒரு தரப்பை மட்டும் வாசித்து எழுதப்பட்ட அரசியல் வரலாற்றை நான் நம்புவதில்லை.

மொழியும் கையெழுத்தும்

ஸ்பானிஷ் இல்லாமல் இங்கே ஓர் அடி வைக்க முடியாது. இன்றைய செய்தித்தாளைத் தடையில்லாமல் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் 17ஆம் நூற்றாண்டு உரைநடைக்குத் துணிந்து போகலாம். இலக்கணம் பயப்படுகிற அளவுக்கு மாறவில்லை. வாக்கியங்கள்தான் நீளம், ஒரு செயலர் ஒரே வாக்கியத்தை முக்கால் பக்கத்துக்கு இழுப்பார், நிறுத்தக்குறியும் இருக்காது. சொற்பொருளுக்கு கோவாருபியாஸ் 1611இல் வெளியிட்ட அகராதியையும், ஸ்பானிய மொழி அகாடமி 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதியையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது மொழியைத் தலைப்பு முடிவு செய்யும். நேப்பிள்ஸ், மிலான் என்றால் இத்தாலியன். பிளாண்டர்ஸ் என்றால் பிரெஞ்சும் டச்சும். பார்சிலோனா என்றால் கத்தலான். கோவா, லிஸ்பன் என்றால் போர்ச்சுகீஸ்.

கையெழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் துவண்டு போகிறோம். பாடப்புத்தகங்கள் காலவரிசைப்படி 1480, 1500 என்று பழைய எழுத்திலிருந்து தொடங்கும். நான் மாணவர்களுக்கு நேர்மாறாகச் சொல்கிறேன்: 1620கள், 1630களின் ராஜ்ய அவைச் செயலகத்துத் தெளிவான சாய்வெழுத்தில் தொடங்குங்கள். அது கைவந்ததும் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிப் போங்கள். நீதிமன்ற எழுத்தர்கள் பேனாவை எடுக்காமல் சொல்லோடு சொல்லைக் கோத்து எழுதிய 'புரொசெஸால்' எழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கக் கணக்குக்குக் கூலி வாங்கிய எழுத்தர்கள் எழுத்தை அகலமாக்கி, வரிகளைக் குறைத்துப் பக்கத்தை நிரப்பியதும் உண்டு. அதைத் தடுக்க ராணி இசபெல்லா 1503லேயே ஒரு பக்கத்துக்கு இத்தனை வரி, ஒரு வரிக்கு இத்தனை சொல் என்று விதி போட வேண்டியிருந்தது.

வாய்விட்டு வாசியுங்கள். எழுத்துக்கூட்டல் அன்று நிலையாக இல்லை. கண்ணுக்குப் புரியாத சொல் பலசமயம் காதுக்குப் புரிந்துவிடும். பேனா எடுத்து அதே வடிவத்தில் எழுதிப் பார்ப்பதும் உதவும். ஓர் எழுத்தரின் கை எந்தத் திசையில் போயிருக்கிறது என்பது நம் கைக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் பிலிப்பின் சொந்தக் கையெழுத்து தனிக் கதை. மாலைவேளைகளில் கண் வலிக்க வலிக்க எழுதியவர் அவர். சில வரிகள் வெறும் அலையாகத் தெரியும். அங்கே நேராக அரசரின் வரியில் இறங்காதீர்கள். அவர் எதற்குப் பதில் எழுதுகிறாரோ அந்த முழு அறிக்கையையும் முதலில் வாசித்துவிடுங்கள். பெயர்களும் தொகைகளும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது அந்த அலைக்குள்ளிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இன்று டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் பழைய கையெழுத்தை வாசித்துத் தருகின்றன. நானும் பயன்படுத்துகிறேன். அது தருவதைச் சரிபார்க்கிற திறமை உங்களுக்கு வந்த பிறகு பயன்படுத்துங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.

சிமான்காஸ்

வயாதோலித் நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், பிசுவெர்கா ஆற்றுக்கு மேலே ஒரு சின்ன ஊர். அங்கே அகழியும் கோபுரங்களுமாக ஒரு கோட்டை. இரண்டாம் பிலிப்பின் தந்தை ஐந்தாம் சார்லஸ் 1540களில் காஸ்டில் மகுடத்தின் ஆவணங்களை அங்கே வைக்கத் தொடங்கினார். இரண்டாம் பிலிப் அதை முழு அரசுக் காப்பகமாக மாற்றினார்; கட்டட வேலையில் கட்டடக் கலைஞர் ஹுவான் தே எரேராவின் கையும் இருந்தது. 1588இல் காப்பகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று விதிமுறையும் எழுதப்பட்டது. ஓர் அரசு தன் நினைவைக் காப்பதற்காக இவ்வளவு யோசித்தது என்பதே ஆராய வேண்டிய அரசியல்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது: ஸ்பானிய அரசுக் காப்பகங்களின் பொதுத் தளமான பாரெஸில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. ஆனால் பாரெஸில் இல்லையென்றால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிமான்காஸின் பெரும்பகுதி இன்னும் படமெடுக்கப்படவில்லை. பல கட்டுகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் அச்சிட்ட பழைய பட்டியல்களில்தான் இருக்கிறது. ராஜ்ய அவையின் ஆவணங்கள் 'எஸ்தாதோ' என்ற பிரிவில் நாடுவாரியாக, நேப்பிள்ஸ், ரோம், இங்கிலாந்து, பிளாண்டர்ஸ் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. இத்தாலி அவைக்கும் போர்ச்சுகல் அவைக்கும் 'மாகாணச் செயலகங்கள்' என்ற பிரிவைப் பார்க்க வேண்டும். பணம் தொடர்பானது என்றால் நிதி அவை. பழைய நூல்களில் "பாரிஸ், தேசியக் காப்பகம், கே" என்று மேற்கோள் கண்டால் குழம்பாதீர்கள். நெப்போலியனின் ஆட்கள் சிமான்காஸிலிருந்து எடுத்துப்போன கட்டுகளில் ஒரு பகுதி 1940களில்தான் திரும்பி வந்தது. இப்போது அவை சிமான்காஸிலேயே எஸ்தாதோ பிரிவில் அதே 'கே' எழுத்தோடு இருக்கின்றன.

வாசிப்பறைக்கு அடையாள ஆவணமும் பென்சிலும் போதும். காலைப் பொழுதுதான் அங்கே வேலை நேரம் என்பதால் விடிந்ததும் கிளம்புங்கள். இடைவேளையில் எல்லோரும் ஒரு காபிக்கு வெளியே போவார்கள். கூச்சப்படாமல் நீங்களும் போங்கள். நேப்பிள்ஸ் பற்றிய ஒரு நல்ல கடிதம் ரோம் கட்டுக்குள் கிடக்கிறது என்பதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை; போப்பாண்டவர் தூதரகத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர்தான் காபி குடித்துக்கொண்டே சொன்னார். அதேபோல் காப்பக அலுவலர்களிடம் உங்கள் கேள்வியைத் தெளிவாகச் சொல்லுங்கள். கட்டுகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பேராசிரியர்களுக்குத் தெரியாது.

இப்போது கட்டைப் பிரிக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கும்? வைசிராயின் மூலக் கடிதம் இருக்கும். சங்கேதத்தில் எழுதியிருந்தால் வரிகளுக்கு இடையிலோ தனித் தாளிலோ அதைப் பிரித்து எழுதியிருப்பார்கள். செயலர் தயாரித்த சுருக்கம் இருக்கும். அடுத்தது 'கொன்சுல்தா', அதாவது அவை கூடி விவாதித்து அரசருக்கு அனுப்பிய ஆலோசனை அறிக்கை. ராஜ்ய அவையின் கொன்சுல்தாவில் யார் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு உறுப்பினரின் கருத்தும் பெயரோடு இருக்கும். 17ஆம் நூற்றாண்டு அரசியலை ஆராய்கிற எனக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. அரசரின் முடிவு அறிக்கையின் ஓரத்திலோ மடிப்பின் வெளிப்புறத்திலோ இருக்கும். அதற்குப் பிறகு வைசிராய்க்குப் போன பதிலின் வரைவு. பதிலின் மூலப்பிரதி நேப்பிள்ஸுக்குப் போய்விட்டதால் இங்கே வரைவுதான் மிஞ்சும். அடித்தல் திருத்தலோடு இருக்கிற வரைவு சுத்தமான மூலத்தைவிட அதிகம் பேசும். ஒரு சொல்லை அடித்துவிட்டு அதைவிட மென்மையான சொல்லைப் போட்டிருக்கிறார்களா? யாருடைய கையெழுத்தில்? அங்கே நில்லுங்கள்.

அரசரின் பதில் பெரும்பாலும் "கோமோ பரேஸே" என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அவை கருதுவது போலவே ஆகட்டும் என்று பொருள். அப்படியானால் விஷயம் அவையிலேயே தீர்ந்துவிட்டது. பதில் நீண்டாலோ, அவை கேட்காத ஒன்றை அரசர் சொன்னாலோ நிமிர்ந்து உட்காருங்கள். யாரோ வேறு வழியில் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

அந்த "யாரோ" யார் என்பதுதான் மூன்றாம் பிலிப் காலத்திலிருந்து நம் துறையின் மையமான கேள்வி. 1598 முதல் 1618 வரை அரசரின் நெருங்கிய அமைச்சராக இருந்தவர் லெர்மா டியூக். அவர் செயலர்களுக்கு அனுப்பிய சின்னச் சின்னச் சீட்டுகள் வழியாக அரசரின் விருப்பம் அவைகளுக்குப் போனது. லெர்மா சொல்வதை அவைகள் நிறைவேற்ற வேண்டும் என்று 1612இல் அரசரே எழுத்தில் அறிவித்தார். பின்னால் நான்காம் பிலிப்பின் முதன்மை அமைச்சராக வந்த ஒலிவாரெஸ், அவைகளைச் சுற்றிக்கொண்டு போக 'ஹுந்தா' என்ற சிறு குழுக்களைப் பயன்படுத்தினார். 1634இல் அமைந்த நிறைவேற்றக் குழு அவற்றில் முக்கியமானது. ஆகவே 1630களை ஆராய்கிறவர் ராஜ்ய அவையின் அறிக்கைகளை மட்டும் வாசித்தால், உண்மையான முடிவு எடுக்கப்பட்ட அறைக்கு வெளியே நின்றுவிடுவார். குழுவின் காகிதங்களையும் தேடுங்கள்.

காகிதம் இல்லாத இடங்கள்

இழப்புகளின் வரைபடமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாட்ரிட் அரண்மனை 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் எரிந்தபோது ஓவியங்களோடு காகிதங்களும் போயின. ஒலிவாரெஸின் சொந்த ஆவணத் தொகுப்பு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீயில் அழிந்தது. 1943 செப்டம்பரில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர், பாதுகாப்புக்காக ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருந்த நேப்பிள்ஸ் அரசுக் காப்பகத்தின் மிக மதிப்புள்ள பகுதியை எரித்தார்கள். என் தலைப்புக்கு அது நேரடி அடி. வைசிராயின் செயலகத்திலேயே இருந்திருக்க வேண்டிய பல காகிதங்கள் அதோடு போய்விட்டன.

இப்படி ஓர் ஓட்டை விழுந்தால் காகிதத்தின் மறுமுனையைத் தேடுங்கள். பெற்றவரிடம் இல்லையென்றால் அனுப்பியவரிடம் வரைவு இருக்கும். அரசிடம் இல்லையென்றால் குடும்பத்திடம் இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்து அமைச்சர்கள் அலுவலகக் காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒசூனா குடும்பத்தின் பெரும் தொகுப்பு இன்று தொலேதோவில், தவேரா மருத்துவமனைக் கட்டடத்தில் இயங்கும் பிரபுக்கள் காப்பகத்தில் இருக்கிறது. அல்தமிரா பிரபுவின் தொகுப்பு 19ஆம் நூற்றாண்டில் சிதறி, மாட்ரிட்டின் வலென்சியா தே தோன் ஹுவான் நிறுவனம், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம், ஜெனீவா என்று பல இடங்களில் கிடக்கிறது. இரண்டாம் பிலிப்பும் அவருடைய செயலர்களும் எழுதிக்கொண்ட குறிப்புகளில் பல அங்கேதான். 1842இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சான 'ஸ்பெயின் வரலாற்றுக்கான அச்சிடப்படாத ஆவணங்களின் தொகுப்பு' என்ற வரிசையையும் புரட்டுங்கள். ஒசூனாவின் கடிதங்கள் அதில் பல தொகுதிகளை நிரப்புகின்றன. சுத்தமான பதிப்பு அல்ல. ஆனால் காப்பகத்துக்குப் போவதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்து தொடங்க அது போதும்.

அமெரிக்காவையோ மணிலாவையோ ஆராய்கிறவருக்கு தெற்கு ஸ்பெயினின் செவியா நகரம். 1785இல் மூன்றாம் சார்லஸ் நிறுவிய இண்டீஸ் காப்பகம் பழைய வணிகர் மாளிகையில் இருக்கிறது. சுமார் 43,000 கட்டுகள். கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டான 1992ஐ ஒட்டித் தொடங்கிய படமெடுக்கும் பணியால் அதன் கணிசமான பகுதியை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். பயணத்துக்குப் பணமில்லாதவர்கள் முதல் கட்டுரையை அங்கிருந்து எழுதுவதே அறிவு.

தமிழில் வாசிக்கிற உங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஹாப்ஸ்பர்க் பிலிப்புகளின் கீழ் இருந்தது. அப்படியானால் நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூர் சாந்தோமிலும் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கும் அரசர் அவரே. கோவா வைசிராயின் கடிதம் லிஸ்பன் போய், அங்கிருந்து போர்ச்சுகல் அவை வழியாக அரசரை அடைந்தது. பருவக்காற்றோடு போய்வந்த கப்பல்கள் சுமந்த கடிதங்கள் 'மான்சூன் ஏடுகள்' என்ற பெயரில் ஒரு பகுதி கோவாவிலும் ஒரு பகுதி லிஸ்பனில் உள்ள தேசியக் காப்பகமான தோரே தோ தோம்போவிலும் இருக்கின்றன. இவற்றைச் சிமான்காஸின் போர்ச்சுகல் செயலகத்தோடு சேர்த்து வாசித்து, கூடவே தமிழ் மூலங்களையும் வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் மிகக் குறைவு. யாராவது வர வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

குறிப்பேடு

ஒவ்வோர் ஆவணத்துக்கும் காப்பகம், பிரிவு, கட்டு எண், தாள் எண், தேதி, எழுதியவர், பெறுநர் ஆகியவற்றைக் குறியுங்கள். அதோடு இது மூலமா வரைவா நகலா என்பதையும், வெளிப்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கண்டிப்பாக எழுதுங்கள். கடிதம் எழுதிய நாளும், அது மாட்ரிட்டுக்கு வந்து சேர்ந்த நாளும், அவை விவாதித்த நாளும் வேறு வேறு. நான் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். என் ஆய்வின் முக்கியமான வாதமே அந்த மூன்று கட்டங்களிலிருந்துதான் பிறந்தது. நேப்பிள்ஸ் கடிதம் மாட்ரிட்டை அடைய வாரங்கள் ஆகின்றன. அவையில் காத்திருக்கும் நாட்கள் வேறு. பதில் திரும்பிப் போக மறுபடி வாரங்கள். அந்த இடைவெளிக்குள் வைசிராய் என்ன செய்தார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது, "கீழ்ப்படியாமை" என்று மாட்ரிட் பிற்பாடு சொன்ன பலவும் மறுப்பு போய்ச் சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன.

தேதியில் கவனம். ஸ்பெயினிலும் இத்தாலியின் பெரும்பகுதியிலும் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. லண்டன் தூதரின் கடிதத்தையும் ஆங்கிலேய அமைச்சரின் கடிதத்தையும் அருகருகே வைக்கும்போது பத்து நாள் வித்தியாசம் வரும்.

பணத்திலும் அப்படித்தான். காஸ்டிலின் டுகாட் என்ற பணம், மரவேதி என்ற சிறு அலகின் கணக்கில் 375 மரவேதி. ஒரு ரியால் 34 மரவேதி. நேப்பிள்ஸின் டுகாட் பெயரில்தான் அதுவும் டுகாட், கணக்கில் அது அந்த ஊர் நாணயமான கார்லீனோ பத்து. எந்த ஊர் டுகாட் என்று ஆவணம் சொல்லாவிட்டால், யாருடைய கஜானாவிலிருந்து பணம் போகிறது என்று பாருங்கள். இன்றைய யூரோவுக்கு மாற்றிக் காட்டாதீர்கள். அதே ஆண்டில் ஒரு படைவீரனின் சம்பளம் எவ்வளவு என்று சொன்னால் வாசகருக்கு அளவு புரியும்.

ஆட்களின் பெயரும் இடறும். "ஆல்பா டியூக்" என்றால் 1567இல் பிரசெல்ஸுக்குப் படையோடு போனவரும் உண்டு, 1622 முதல் 1629 வரை நேப்பிள்ஸில் வைசிராயாக இருந்த அவருடைய வழித்தோன்றலும் உண்டு. பட்டத்தை மட்டும் குறித்து வைக்காமல் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்பானிய வரலாற்று அகாடமியின் வாழ்க்கை வரலாற்று அகராதி இணையத்தில் இலவசம். முதல் சரிபார்ப்புக்கு அது கைகொடுக்கும்.

இடமும் வேலையும்

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்ப்பதற்கு முன் அவருடைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் அரசவை ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. கொம்புளுதென்சே, வயாதோலித், சலமாங்கா, செவியாவின் பாப்லோ தே ஒலாவீதே ஆகிய பல்கலைக்கழகங்களிலும் நல்ல குழுக்கள் உண்டு. ஸ்பெயினுக்கு வெளியே என்றால் பிளாரன்ஸ் அருகே இருக்கிற ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தை நான் முதலில் சொல்வேன். பல நாட்டு மாணவர்கள் ஒரே மேசையில் உட்காருவதால் பேரரசை மாட்ரிட்டின் கண்ணால் மட்டும் பார்க்கும் பழக்கம் அங்கே உடைகிறது.

ஸ்பெயினில் முனைவர் ஆய்வுக்கான அரசு ஒப்பந்தங்களில் எஃப்.பி.யு., எஃப்.பி.ஐ. என்ற இரண்டு முக்கியமானவை. முதலாவது உங்கள் மதிப்பெண்ணையும் நெறியாளரின் தகுதியையும் பார்க்கும். இரண்டாவது ஏற்கெனவே நிதி பெற்ற ஓர் ஆய்வுத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் எந்தக் குழுவுக்குப் புதிய திட்டம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். ஆய்வேட்டுக்கு 'சர்வதேசக் குறிப்பு' வாங்க ஸ்பெயினுக்கு வெளியே குறைந்தது மூன்று மாதம் தங்க வேண்டும். அதை வெறும் சடங்காக்காதீர்கள். எந்த ஊரில் உங்கள் காகிதத்தின் மறுமுனை இருக்கிறதோ அந்த ஊருக்குப் போங்கள். நான் வெனிஸுக்குப் போனேன். என் ஆய்வேட்டின் மிக நல்ல அத்தியாயம் அங்கிருந்து வந்தது.

முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆண்டுகள் கடினமானவை. மறைப்பதில் பயனில்லை. ஹுவான் தே லா சியெர்வா, ரமோன் இ காஹால் என்ற ஸ்பானிய அரசின் ஆய்வு ஒப்பந்தங்களுக்குப் போட்டி கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு, நீங்கள் போக விரும்பும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்த விதி தெரியாமல் ஆசைப்பட்ட ஊரில் முன்கூட்டியே குடியேறிவிட்டு வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரப் பதவிக்குப் பெரும்பாலும் ஆனேக்கா என்ற மதிப்பீட்டு முகமையின் அங்கீகாரம் வேண்டும்; அது கட்டுரைகளையும் கற்பித்தலையும் எண்ணும். ஆகவே ஆய்வேடு முடியும்வரை வெளியிடாமல் காத்திருக்க முடியாது.

முதல் கட்டுரைக்கு என் யோசனை: ஒரே ஒரு கொன்சுல்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வந்த கடிதம், பின்னால் போன பதில், அவையில் பேசியவர்கள் யார், அவர்களுக்குள் என்ன உறவு, முடிவு கடைசியில் நிறைவேறியதா என்று மட்டும் எழுதுங்கள். ஸ்பானிஷிலேயே எழுதுங்கள். இஸ்பானியா, குவதேர்னோஸ் தே இஸ்தோரியா மொதேர்னா, ஸ்துதியா இஸ்தோரிகா போன்ற இதழ்களை இணையத்தில் யாரும் படிக்கலாம்; அவற்றில் வந்த ஒரு கட்டுரை, இந்தத் துறையின் மூத்தவர்கள் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளச் சிறந்த வழி. ஸ்பானிய நவீன வரலாற்று அறக்கட்டளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. அங்கே வரும் கேள்விகள் இதழின் மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் கேள்விகள்தான்.

நிதியின் திசையையும் கவனியுங்கள். இரண்டாம் பிலிப் இறந்து 400 ஆண்டு என்று 1998இலும், ஐந்தாம் சார்லஸ் பிறந்து 500 ஆண்டு என்று 2000இலும் அரசுப் பணம் பெருமளவில் வந்தது. நல்ல பதிப்புகள், பெரிய கண்காட்சி நூல்கள் எல்லாம் கிடைத்தன. ஆனால் நினைவுவிழாப் பணம் அரசர்களைத் தேடி ஓடும். வரி கட்டியவர்களைத் தேடாது. 1647 ஜூலையில் நேப்பிள்ஸ் சந்தையில் பழ வரிக்கு எதிராக வெடித்த கலகம், 1640இல் காத்தலோனியாவும் போர்ச்சுகலும் பிரிந்தது ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்த மனுக்களும் புகார்களும் அதே கட்டுகளில்தான் இருக்கின்றன. கொன்சுல்தாவின் முதல் பத்தியில், "இன்ன ஊரார் விண்ணப்பித்ததாவது" என்று தொடங்கும் சுருக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இணைப்பாக அவர்களுடைய மனுவே உள்ளே இருக்கலாம். என் இரண்டாவது நூல் அப்படிப்பட்ட மனுக்களிலிருந்துதான் வருகிறது.

ஆய்வேடு முடிகிற ஆண்டில் அந்த இரண்டாவது திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அது முதல் தலைப்பின் நீட்சியாக இல்லாமல், வேறொரு காப்பகத்தையும் இன்னொரு மொழியையும் கேட்பதாக இருக்கட்டும். நேப்பிள்ஸில் தொடங்கியவர் பிரசெல்ஸுக்குப் போகலாம், செவியாவில் தொடங்கியவர் லிஸ்பனுக்குப் போகலாம். அந்தப் பக்கத்தின் கடைசியில், நீங்கள் முதலில் கேட்டு வாங்கப்போகிற மூன்று கட்டுகளின் எண்களை எழுதுங்கள். எண்கள் இருக்கிற திட்டத்தை மதிப்பீட்டுக் குழு வேறு கண்ணோடு வாசிக்கும்.